பச்சைப் பந்தலில் யாரும் பேசாத ஆறாவது உரை

போதும். இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

மேடையில் வீற்றிருந்த உள்ளாட்சித் தலைவர் பொறியாளர் முன்ஸிஃப் அவர்களே, பெரிய பள்ளிவாசல் இமாம் ஷேக் அப்துல் பாரி அவர்களே, தஹ்ஷான் குடும்பத்தின் மூத்த மகன் சாபிர் அவர்களே, துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காபியைக் கையில் ஏந்தியபடி மேடையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்த கஃபர் ஸுஹைல் ஊர்ப் பெருமக்களே!

நேற்று மாலை, ஷாமியானா கடை ஹாஜ் பர்ஹாம் தஹ்ஷான் அவர்களின் நாற்பதாம் நாள் இரங்கல் கூட்டத்தில் ஐந்து பேர் பேசினார்கள். ஆறாவதாகப் பேச யாரையும் அழைக்கவில்லை. அந்த ஆறாவது உரையை நான் இன்று எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லதைப் பேசுவதற்கு ஐந்து பேர் இருந்தார்கள். நடந்ததைப் பேசுவதற்கு ஒருவராவது வேண்டாமா?

யார் இந்த ஹாஜ் பர்ஹாம்? தெரியாதவர் யார் இருக்கிறார்கள்! நம் ஊரில் கல்யாணமா, சாவா, தேர்தல் கூட்டமா, எதற்கும் கம்பம் நட்டுத் துணி கட்டியது அவருடைய கடை. நாற்காலி அவருடையது. காபிக் கோப்பை அவருடையது. மைக் அவருடையது. நம் ஊரில் ஒருவன் சிரிக்க வேண்டுமானாலும் அழ வேண்டுமானாலும் அவர் துணியின் நிழலில்தான் செய்தாக வேண்டும். அப்படி ஒரு செல்வாக்கு எந்த அமைச்சருக்கு உண்டு?

அவருடைய தொழில் திறமையைக் குறைத்துப் பேச மாட்டேன். அவர் நட்ட கம்பம் காற்றுக்குச் சாய்ந்ததில்லை. அவர் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்ததில்லை. குறிப்பாக, மற்றவர்களின் கழுத்தில் போட்ட முடிச்சு.

"ஊருக்கே திருப்பிக் கொடுத்த வள்ளல்" என்றார் பொறியாளர். என்ன கொடுத்தார் என்று பார்ப்போம்.

பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி கொடுத்தார். கொடுத்தார், மறுக்கவில்லை. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் 'தஹ்ஷான் குடும்பத்தின் நன்கொடை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார். முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நாற்காலி முதுகைப் பார்த்தபடிதான் பின்னால் இருக்கும் பிள்ளை ஆறு வருடம் படிக்கிறது. நம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் சொல் அம்மாவும் இல்லை, அல்லாஹ்வும் இல்லை. தஹ்ஷான்!

ரமலானில் ஏழைகளுக்கு நோன்பு திறக்கத் தெருவில் மேசை போட்டார். சோறும் உருளைக்கிழங்குக் குழம்பும் இறைச்சியும் போட்டார். பாங்கு சொன்ன பிறகும் பேரீச்சம்பழம் கையிலேயே இருக்க வேண்டும். புகைப்படக்காரர் ஏணியில் ஏறி முடிக்கும் வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. ஒரு வருடம், வெயிலில் செங்கல் சுமந்துவிட்டு வந்த ஒரு மனிதன் பொறுக்க முடியாமல் வாயில் போட்டுவிட்டான். ஹாஜ் பக்கத்தில் வந்து, தோளில் கை போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி அன்போடு சொன்னார்: "துப்புப்பா. படம் எடுத்துட்டுத் திங்கலாம். பழம் எங்க ஓடிரப் போவுது?" அவன் துப்பினான். நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் படம் இன்றும் கடையில் மாட்டியிருக்கிறது. அந்த மனிதன் அதில் சிரிக்கிறான்.

இவையெல்லாம் சில்லறை. அவருடைய பெருங்கொடைக்கு வருகிறேன்: ஏழை வீட்டுச் சாவுக்கு இலவசப் பந்தல்.

கடையில் இரண்டு செட் உண்டு என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்று சிவப்பு செட். சிவப்பிலும் நீலத்திலும் துண்டு துண்டாக வெட்டிக் கையால் தைத்த பூவேலைத் துணி, தங்கப் பூச்சு நாற்காலிகள், கண்ணாடித் தொங்கு விளக்கு. இன்னொன்று பச்சை செட். லாரித் தார்ப்பாயைப் போன்ற மங்கிய பச்சை. உள்பக்கம் நான்கு புறமும் வெள்ளைச் சாயத்தில் ஒரே வாசகம்: 'தஹ்ஷான் குடும்பத்தின் தர்மம். கொடுத்தவருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள்.' செத்தவருக்காக ஓத வேண்டிய வேத வசனத்தைக் கொடுத்தவருக்காகக் கேட்கிறது துணி. நாற்காலி முதுகிலும் அதே.

இந்தக் கடையைத் தொடங்கிய ஹாஜின் தந்தையிடம் ஒரே ஒரு துணிதான் இருந்தது. வாடகை கொடுத்தவனுக்கும் அதுதான், கொடுக்க முடியாதவனுக்கும் அதுதான். பந்தலில் உட்கார்ந்திருப்பவனுக்கு எது எந்த வீடு என்று தெரியாது. மகன் வந்துதான் சாவை இரண்டு நிறமாகப் பிரித்தார். வேலையாட்களுக்கு அவர் போட்ட சட்டம் ஊரறிந்தது: "வாடகை வந்தா சிவப்பு. வரலன்னா பச்சை. எங்கப்பனே எந்திரிச்சு வந்தாலும் இதான்."

யோசித்துப் பாருங்கள். வீட்டில் பிணம் கிடக்கிறது. வாசலில் என்ன நிறம் ஏறுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரன் மாடியிலிருந்து பார்க்கிறான். பச்சை ஏறினால் அந்த வீட்டின் நிலைமை தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு வருகிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு வந்தார்கள். தலையணை உறையை விற்றாவது சிவப்பு கட்டிய குடும்பங்கள் எத்தனை! அந்த இலவசப் பந்தல் இல்லாமல் இருந்திருந்தால் சிவப்புப் பந்தலுக்கு இத்தனை வாடகை வந்திருக்குமா? இதைக் கணக்குத் தெரிந்த எவராவது எனக்கு விளக்கட்டும்.

இன்னும் ஒன்று. வாடகை கொடுக்க முடிந்தவர்களுக்கும் சில சமயம் பச்சை வந்தது. ஹாஜுடன் யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் போதும். ஒரு வீட்டில் தகப்பனார் இறந்தார்; கொஞ்சம் படித்த குடும்பம், கை நீட்டிப் பழகாத குடும்பம். வாடகைப் பணத்தோடு ஆள் அனுப்பினார்கள். கடை வாசலில் பத்துப் பேர் முன்னால் ஹாஜ் கண் கலங்கினார். "உங்க வீட்டுல போயி நான் வாடகை வாங்குறதா? எனக்குத் தூக்கம் வருமா தம்பி? எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போ." சிவப்பு செட் கிடங்கில் மடித்துக் கிடந்தது. பச்சைதான் வந்தது. அன்று மாலை, தகப்பனாரோடு கெய்ரோவில் வேலை பார்த்த பழைய அதிகாரி ஒருவர் ஆறுதல் சொல்ல வந்தார். முன் வரிசை நாற்காலியின் முதுகைக் கொஞ்ச நேரம் வாசித்தார். விடைபெறும்போது மகனின் கையைப் பற்றிக் குலுக்கினார். கை பிரிந்தபோது மகனின் உள்ளங்கையில் மடித்த நோட்டு ஒன்று இருந்தது. துக்கத்துக்கு வந்தவரின் முகத்தில் அதை விட்டெறிய முடியுமா? அந்த மகன் அதை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

அது என் வீடா என்று தேடாதீர்கள். இதே போல் நடக்காத தெரு நம் ஊரில் இல்லை.

இப்போது நேற்று நடந்ததற்கு வருகிறேன். பாதிப் பேருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நான் கம்பம் நடும்போதே அந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

நேற்று மதியத் தொழுகைக்குப் பிறகு லாரி வந்தது. கடையின் மேஸ்திரி காரிப் ஆட்களை வைத்துக் கம்பம் நட்டார், கயிறு இழுத்தார், துணி ஏற்றினார். ஏறியது பச்சை! ஹாஜ் பர்ஹாம் தஹ்ஷானின் நாற்பதாம் நாளுக்கு, அவர் வீட்டு வாசலிலேயே, தர்மப் பந்தல்!

சாபிர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்தார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க? யாரு பச்சையக் கொண்டாரச் சொன்னா?"

காரிப் கயிற்றை விடாமல் திரும்பிப் பார்த்தார். "வாடகை யாரு குடுக்குறா முதலாளி?"

"எங்கப்பன் காரியத்துக்கு எவன்யா வாடகை குடுப்பான்?"

"அதான் பச்சை" என்றார் காரிப். கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த மனிதருக்குக் கிண்டல் வராது. ஹாஜ் கற்றுக்கொடுத்தபடி, கற்றுக்கொடுத்த வார்த்தைக்கு வார்த்தை, வேலையைச் செய்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதோட சிவப்பு இங்க ஏது? பக்கத்தூரு அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கதான முதலாளி முன்பணம் வாங்கிப் போட்டீங்க."

ஆமாம் பெருமக்களே. தகப்பனின் நாற்பதாம் நாள் என்று தெரிந்தே மகன் நல்ல செட்டைக் கல்யாணத்துக்கு விட்டிருந்தார். தகப்பனிடம் தொழில் கற்றவர் வேறென்ன செய்வார்? கிடங்கில் இருக்கிற மற்றத் துணிகளை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம்.

எதிர் மாடியிலிருந்து உம்மு இவாத் எட்டிப் பார்த்தாள். அவள் கணவனின் இழவுக்கு ஏறியதும் பச்சைதான். துணி உதறுகிற சாக்கில், பக்கத்து மாடிக்காரியிடம் தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "பாத்தியாடி? ஹாஜு கடைசியில நம்ம செட்டுலயே வந்து சேந்துட்டாரு. வரட்டும், இடம் இருக்கு."

கீழே நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். நான் உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கு இருந்த எல்லா மனக்கசப்பும் தீர்ந்துவிட்டதுபோல் இருந்தது. இதற்கு மேல் எந்த மனிதன் என்ன தண்டனை கொடுக்க முடியும்? நான் வீட்டுக்குப் போய்ப் பேசாமல் படுத்திருப்பேன். இந்த உரையை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஆனால் கூட்டம் தொடங்கியது. குர்ஆன் ஓதி முடிந்தது. பொறியாளர் முன்ஸிஃப் எழுந்தார். பச்சைத் துணியை அண்ணாந்து பார்த்தார். நாற்காலியின் முதுகைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார்.

"பாருங்கள்!" என்றார். "இந்த எளிமையைப் பாருங்கள்! ஊருக்கெல்லாம் பட்டுப் பந்தல் கட்டிய மாமனிதர், தன்னுடைய நாளுக்கு ஏழையின் பந்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இதுவே அவருடைய கடைசி ஆசை."

சாபிர் தலையைக் குனிந்துகொண்டார். ஷேக் அப்துல் பாரி 'ஸுப்ஹானல்லாஹ்' என்று வியந்தார். அவருக்கும் தெரியும், கம்பம் நடும்போது அவரும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அடுத்துப் பேசிய நால்வரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர், ஹாஜ் மரணப் படுக்கையில் தன் காதில் அதைச் சொன்னதாகவே சொன்னார். மதியம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற அதே ஆட்கள் மாலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு வேலையாள் சட்டப்படி செய்த தவறு, சில மணி நேரத்தில் ஒரு மகானின் உயில் ஆகிவிட்டது. இறந்தவர்மீது எனக்கிருந்த வெறுப்பு பழையது. உயிரோடு இருக்கிற உங்கள்மீது எனக்குள்ள வெறுப்பு நேற்றுப் பிறந்தது. அதற்கு இன்னும் பல் முளைக்கவில்லை. முளைக்கும்.

அந்தக் கண்ணீர் காய்வதற்குள் பொறியாளர் மறுபடி எழுந்து விஷயத்துக்கு வந்தார். பள்ளிவாசலை ஒட்டிய காலி மனையில் 'ஹாஜ் பர்ஹாம் தர்மக் கிடங்கு' அமையுமாம். பச்சை செட்டை வைத்துப் பராமரிக்க. நிர்வாகம் தஹ்ஷான் குடும்பம். வருகிற ஞாயிறு மாலை இளைஞர் மன்றத்தில் ஊர் கூடிக் கை தூக்கினால் முடிந்தது.

அந்த மனை யாருடையது?

தடுப்பூசி நர்ஸ் இக்பால் அம்மாவுடையது. நம்மில் பாதிப் பேரின் தோளில் அந்த அம்மாள் போட்ட தழும்பு இருக்கிறது. பிள்ளை இல்லை, கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தகப்பன் வழியாக வந்த அந்த ஒரே மனையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார், எதற்கு? சாவுக்கும் கல்யாணத்துக்கும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் உட்கார ஒரு பொது மண்டபம் கட்ட. நான்கு சுவர், ஒரு கூரை. எல்லோருக்கும் ஒரே சுவர், ஒரே கூரை. கல்வெட்டில் பெயர் போடுகிறோம் என்று போனபோது அந்த அம்மாள் திட்டி அனுப்பினார். "ஊசி போட்டப்ப பேரு எழுதியா போட்டேன்? போங்கடா."

மண்டபம் ஏன் எழவில்லை? அஸ்திவாரம் தோண்டியபோது, சாக்கடைக் குழாய் அந்த வழியாகப் போகிறது என்று ஒரு மனு வந்தது. குழாய் அந்த வழியாகப் போகவில்லை என்று நிரூபித்தபோது, இழவு வீட்டுக்குத் திறந்த வானமே சிறப்பு என்று வெள்ளிக்கிழமை ஒரு பிரசங்கம் வந்தது. தூண் கம்பி எழுந்தபோது, "மண்டபம் எதுக்கு? நான் உசுரோட இருக்குற வரைக்கும் ஏழைக்குப் பந்தல் இலவசம்" என்று ஹாஜ் பள்ளிவாசல் வாசலில் நின்று அறிவித்தார். நாம் கைதட்டினோம். துருப்பிடித்த கம்பிகள் இன்றும் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில்தான் நாம் ஆட்டைக் கட்டுகிறோம். இலவசப் பந்தல் எதற்காகப் பிறந்தது என்று இப்போதாவது புரிகிறதா? மண்டபம் வந்திருந்தால் பச்சைக்கும் வேலை இல்லை, சிவப்புக்கும் வேலை இல்லை.

நேற்று கூட்டம் நடந்தபோது இக்பால் அம்மா ஹாஜ் வீட்டின் உள்ளே, பெண்களோடு உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியில்தான் தன் மனையின் கதியைக் கேட்டார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து, தடியை ஊன்றி, வெளியே வந்தார். பந்தலுக்கு வெளியே, செருப்புகள் கிடக்கிற இடத்தில், நாங்கள் சிலர் நின்றிருந்தோம். எங்களில் யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"எனக்குன்னு அழ ஆளில்ல. வாடகை குடுக்கவும் ஆளில்ல. என் நாளு வந்தா எந்த நிறம் ஏறும்னு எனக்குத் தெரியாதா? அந்த எழுத்துக்குக் கீழ என்னை வச்சு ஓதிராதீங்கய்யா. எனக்கு ஓதுற ஃபாத்திஹாவும் அவனுக்குப் போயிரும்."

யாரோ ஒருவன் சமாதானமாக, "அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா, நூறு வயசு இருப்பீங்க" என்றான்.

"இருந்து? நீங்க கை தூக்குறதப் பாக்கவா?"

அவ்வளவுதான் சொன்னார். செருப்பைத் தேடினார். அவருடைய செருப்பை எடுத்து வைக்கக்கூட எங்களில் எவனுக்கும் தோன்றவில்லை. தானே தடியால் இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார்.

பெருமக்களே! இரங்கல் கூட்டத்தின் முடிவில், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். ஐந்து பேரும் எடுத்தார்கள். நானும் எடுக்கிறேன்.

மறைந்தவரின் தகப்பனார் பணியை நான் தொடர்வேன். ஒரே துணி, எல்லோருக்கும். ஞாயிற்றுக்கிழமை இளைஞர் மன்றத்துக்கு வருவேன். கை தூக்கச் சொல்லும்போது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். உங்களில் எத்தனை பேருக்கு அவ்வளவு சின்னக் காரியத்தைச் செய்ய முடிகிறது என்று பார்ப்பேன். எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை இல்லை. ஒரு மனிதன் வாயிலிருந்த பழத்தைத் துப்பியபோது வேடிக்கை பார்த்தவர்கள் நீங்கள். நானும் அங்கேதான் நின்றேன் என்பதால் உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். கையைக் கீழே வைத்துக்கொள்ள ஒரு பவுண்டுகூடச் செலவில்லை.

அந்த மனை போய்விட்டாலும் போகாவிட்டாலும், இக்பால் அம்மாவின் நாள் வரும்போது பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். தெருவில், வெயிலானால் வெயிலில், மழையானால் மழையில், துணியே இல்லாமல் நின்று ஆறுதல் சொல்வோம். அந்த அம்மாள் ஊசி போட்ட தோள்கள் அந்தத் தெருவை நிரப்பப் போதுமானவை. நாற்காலி தேவைப்படுகிறவர்கள் தங்கள் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். முதுகில் எழுத்து இருந்தால் சுரண்டிவிட்டு எடுத்து வாருங்கள்.

எழுதி முடித்துவிட்டேன். அடியில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அழகான பெயர்தான், தகப்பனார் வைத்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடித்துவிட்டு, புதிய தாளில் முழுவதையும் மறுபடி எழுதினேன்.

விடியற்காலையில் ரொட்டிக் கடையில் வரிசை நிற்கிற ஜன்னல் பக்கத்துச் சுவரில் இதை ஒட்டப்போகிறேன். பெயர் போடப் பயந்தான் என்று சாபிர் சொல்வார். சொல்லட்டும். நம் ஊரில் கொடுக்கப்பட்ட நாற்காலியில் பெயர் இருக்கிறது, சோற்றில் பெயர் இருக்கிறது, பிணத்துக்கு மேலே கட்டிய துணியிலும் பெயர் இருக்கிறது. நான் இந்த ஊருக்குக் கொடுக்கிறது இந்த ஒரு தாள்தான். இதில் பெயர் இருக்காது.